இன்னொருத்தியின் மணிக்கட்டு

முதலில் ஒரு கிள்ளு வரும். இடது மணிக்கட்டின் உட்புறத்தில், நகம் பதிகிற மாதிரி சுருக்கென்று ஒன்று. அது வந்ததும் காமாயி துண்டை நாலாக மடித்துப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்வாள். ஐந்தாறு மூச்சு விடுவதற்குள் மலை அவள் கைகளுக்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

அவள் உட்கார்ந்திருந்தது மலையின் அடிவாரத்தில், தகரக் கொட்டகையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். இரண்டு கைகளும் மடியிலிருந்த பஞ்சுத் தலையணையின் மேல் சும்மா கிடந்தன. தோளுக்குக் கீழே, இரண்டு புஜங்களிலும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதேபோல இரண்டு பட்டைகளை அணிந்த ஒரு பெண் மலையின் உச்சியில் சைக்கிளில் ஏறி நின்றாள். பெயர் தெரியாது, முகம் தெரியாது. காமாயிக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய கைகள் மட்டும்தான். அவற்றை அவளைவிட நன்றாகத் தெரியும்.

பந்தயத்தின் விதி எளிமையானது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒன்பது கிலோமீட்டர் கல்லும் வேரும் பள்ளமுமான பாதை. இறங்கி முடித்ததும் சைக்கிளோடு ரோப்காரில் ஏறி மறுபடியும் உச்சிக்குப் போக வேண்டும், மறுபடியும் இறங்க வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை, ஆறு மணி நேரத்தில் யார் அதிகத் தடவை இறங்குகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. வேடிக்கை பார்க்கிறவர்கள் கால்தான் வலிக்கும் என்று நினைப்பார்கள். இறக்கத்தில் மிதிப்பது குறைவு. ஓய்ந்துபோவது கைதான். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து முன்னங்கை கல்லாக இறுகிவிடும். விரல் மடங்காது. மடங்கிய விரல் விரியாது. பட்டை வருவதற்கு முன்பெல்லாம் நாலாவது இறக்கத்தோடு பாதிப்பேர் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்களாம். இப்போது பத்து இறக்கம் சாதாரணமாக நடக்கிறது.

பயிற்சி வாரத்தின் முதல் நாளில், பட்டையைக் கட்டிவிட்ட டெக்னீஷியன் லூர்துவிடம் காமாயி கேட்டாள்.

"ஏன் தம்பி, அந்தப் புள்ளைக்கு வலிக்கக் கூடாதுன்னா வலி ஊசி போட்டு விட வேண்டியதுதான? எதுக்கு ஊட ஒரு ஆளு?"

"ஊசி போட்டா கை மரத்துப் போகும்க்கா. பிரேக் எவ்வளவு புடிக்கிறோம்னே தெரியாது. இதுல தொடுறது தெரியும், குளிர் தெரியும், வலி மட்டும் தெரியாது."

"அந்த வலியத் தூக்கி ஒரு மிசினுக்குள்ள கொட்ட வேண்டியதுதான?"

லூர்து சிரித்தான். திண்டுக்கல்காரன், பொய் சொல்லத் தெரியாத முகம். "அதத்தான் மொதல்ல செஞ்சு பாத்தாங்க. நரம்பு ஏமாற மாட்டேங்குது. வலின்னு ஒரு தகவல் கெளம்புனா அதுக்கு ஒரு பதில் வரணும். 'தெரிஞ்சிருச்சு, வாங்கிக்கிட்டேன்'னு எங்கயாவது உசுருள்ள நரம்பு சொல்லணும். சொல்லலைன்னா தேங்கி நிக்கும். தேங்குனா கை வெட்டி இழுத்துரும். அதான் உங்க நரம்புல வடிச்சு விடறோம்."

"வடிச்சு விடறீங்க. சோறு வடிக்கிற மாதிரி."

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்."

"அப்ப நாங்க வடிதட்டு."

அவன் பட்டையின் கொக்கியைச் சரிபார்த்தான். பிறகு நாற்காலியின் வலது பக்கத்தில், கை எட்டும் இடத்திலிருந்த சிவப்புப் பிடியைக் காட்டினான். உயிர் போகிற மாதிரி இருந்தால் மட்டும் இதை இழுக்க வேண்டும். இழுத்த மறு நொடி வலி எல்லாம் அதன் சொந்தக்காரருக்கே திரும்பிப் போய்விடும்.

"போன வருசம் யாரும் இழுத்தாங்களா?"

"ஒருத்தரும் இழுக்கலக்கா."

காமாயிக்கு அது தெரியும். தவமணி இழுக்கவில்லை.

தவமணியும் காமாயியும் ஒரே எஸ்டேட்டில் பதினெட்டு வருடம் காபிப்பழம் பறித்தவர்கள். எஸ்டேட் விற்கப்பட்டு, காபிச் செடிகளுக்கு நடுவே சைக்கிள் பாதை வெட்டப்பட்ட பிறகு, பட்டை வந்த முதல் வருடமான போன வருடம், தவமணி இந்தக் கொட்டகைக்கு வந்தாள். பந்தயம் முடிந்து வீடு திரும்பியவளின் வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கிப்போயிருந்தது. கம்பெனி டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, சதை நன்றாக இருக்கிறது, எல்லாம் மனதில்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரும் அப்படியே சொல்லியது. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் காமாயியும் அதைத்தான் நினைத்தாள். தவமணி இடது கையால் தலை சீவத் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே, 'ஒருவேளை நடிக்கிறாளோ' என்று ஒரு முறை நினைத்தாள். ஒரு முறைதான். ஆனால் அந்த ஒரு முறை அவளுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்து போகவே இல்லை.

தவமணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேறு வேலை எதுவும் மிச்சமில்லாமல் காமாயி இந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது மட்டும், பக்கத்தில் உட்கார வைத்துப் பாதையைச் சொல்லிக் கொடுத்தாள். தவமணியும் அந்தப் பாதையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் பாதைக்கு வைத்திருந்த பெயர்கள் எல்லாம் வலியின் பெயர்கள்.

"மொதல்ல ஒரு கிள்ளு வரும். புள்ள கெளம்புதுன்னு அர்த்தம். நம்மகிட்ட சொல்லிக்கிட்டுத்தான் கெளம்பும். அப்புறம் செக்கு. சுத்திச் சுத்தி எறங்கும், ரெண்டு விரலும் எரியும். அது முடிஞ்சதும் உரலு. ஒரு குழிக்குள்ள தொபுக்குன்னு விழும், மொழங்கை வரைக்கும் இடிக்கும். அப்புறம் பல்கடி. அதுதான்டி கொடுமை. தகரத்துல வச்சு ஒலுக்குற மாதிரி ஒலுக்கும். துண்ட வாயில வச்சுக்க, இல்லைன்னா நாக்கக் கடிச்சுக்குவ. பல்கடி தாண்டுனா வழுக்கு. கடைசியா கஞ்சித்தண்ணி. ஓடை ஓரமா சமதரை. அங்க எல்லாம் இளகிரும். கஞ்சி குடிச்ச மாதிரி இருக்கும்."

"நீ ஏன்டி பிடிய இழுக்கல?"

தவமணி தொங்கிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க வச்சு இழுக்க? அப்ப எனக்குப் பாதை புரிபடல. பல்கடியில இருக்கா, சமதரையில இருக்கான்னு தெரியாம இழுத்துட்டா, அத்தன வலியும் ஒண்ணாப் போயி அறைஞ்சா, அந்தப் புள்ள கைய விட்டுட்டுப் பாறையில போயி விழுந்துராதா? யாரு பெத்த புள்ளையோ."

காமாயிக்கு அந்தப் பதில் விளங்க ஒரு வாரம் ஆயிற்று. பயிற்சியின் நான்காம் நாள், பல்கடியில் கண்ணீர் தாரையாக வழிய, சிவப்புப் பிடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. பிடியை வைத்தவர்களுக்குத் தெரியும். யாரும் இழுக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். மறுமுனையில் சரிவில் ஒரு பெண் இருக்கிறாள் என்ற ஒன்றே போதும், எந்தப் பூட்டும் வேண்டாம். நாற்காலியில் இருப்பவளின் இரக்கத்தை அவர்கள் ஒரு திருகாணி போல இயந்திரத்துக்குள் முறுக்கி வைத்திருந்தார்கள். வலியைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பந்தய நாளன்று முதல் இரண்டு இறக்கங்களும் தவமணி சொன்னபடியே வந்து போயின. கிள்ளு, செக்கு, உரல், பல்கடி, வழுக்கு, கஞ்சித்தண்ணி. ரோப்காரில் போகிற பதினாலு நிமிடமும் வலி தணியும். காமாயி தண்ணீர் குடிப்பாள். தடுப்புக்கு அப்பால் யாரோ முனகுவார்கள். கொட்டகையில் ஒன்பது பேர் இருந்தார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வேனில் கூட்டி வரப்பட்டவர்கள், ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது.

மூன்றாவது இறக்கத்தில், பல்கடியின் நடுவே, வேறு மாதிரியான ஒன்று வந்தது.

அதுவரை வந்ததெல்லாம் பரவுகிற வலி. எரியும், வீங்கும், இறுகும். இது பரவவில்லை. இடது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் குழிவில், ஒரு புள்ளியில் 'முறுக்' என்றது. மற்ற வலிகள் எல்லாம் ஒரு கணம் ஒதுங்கி அதற்கு வழிவிட்டன. கஞ்சித்தண்ணியில் எல்லாம் இளகியபோது அது மட்டும் இளகவில்லை. ரோப்காரிலும் போகவில்லை.

காமாயி துண்டைத் துப்பினாள். "தம்பி, இங்க வா. அந்தப் புள்ள கையி ஒடிஞ்சிருச்சு."

லூர்து திரையைப் பார்த்தான். இடது கைக்கான கோடு செங்குத்தாக ஏறி அப்படியே நின்றிருந்தது. அவன் முகம் மாறியது. போனை எடுத்தான். ஐந்து நிமிடத்தில் அணியின் மேலாளர் ஹரிபிரசாத் கொட்டகைக்குள் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன லூர்து, ரேஸ் நடக்கறப்ப?"

"சார், லெஃப்ட் ரிஸ்ட் சார். ஃப்ராக்சர் மாதிரி..."

"மாதிரின்னா?"

"கட்டைவிரல் அடி எலும்பு சார்," என்றாள் காமாயி. "எந்தம்பி மிளகு பறிக்கப் போயி ஏணியிலேர்ந்து விழுந்தான். இதே எலும்பு. சுளுக்குன்னு விட்டுட்டோம். உள்ளுக்குள்ளயே அது செத்துப் போச்சு. இப்பவும் அவனால ஒரு தீப்பெட்டியத் தெறக்க முடியாது. அந்தப் புள்ளையக் கூப்பிட்டுச் சொல்லிருங்க சார். இப்பக் கட்டுப் போட்டா சேந்துரும்."

அவர் அவளை முதல் முறையாகப் பார்த்தார். "அம்மா, அவ ரெண்டாவது எடத்துல இருக்கா. அவ வலிக்குதுன்னு சொல்லலையே."

"அவ எப்படிச் சொல்லுவா? வலி எங்கிட்டல்ல இருக்கு."

"அப்ப நீங்கதானே வலிக்குதுங்கறீங்க. உங்க வேலையே அதுதாம்மா. வலிச்சாத்தான் வேலை சரியா நடக்குதுன்னு அர்த்தம். வலிக்கலைன்னாத்தான் எங்ககிட்ட வந்து சொல்லணும்." லூர்துவின் பக்கம் திரும்பினார். "மூணு வருஷம் உழைச்சிருக்கா. பத்து இறக்கம் முடியட்டும், அப்புறம் டாக்டர் பாக்கட்டும். அவகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது."

அவர் குனிந்து வெளியே போனார். லூர்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, ஒனக்கும் வாய ஒரு பட்டை போட்டுக் கட்டிட்டாங்களா?"

"அக்கா, எனக்கு இது மொத வேலைக்கா."

"எனக்கு இது கடைசி வேலை போலருக்கு."

நான்காவது கிள்ளு வந்தது. சரியாக அந்த ஒடிவுக்குப் பக்கத்தில். காமாயி கத்திவிட்டாள். அந்தப் பெண் தன் ஒடிந்த கையைத் தானே கிள்ளிக்கொண்டு, அது தெரியாமல், சொல்லிக்கொண்டு கிளம்புகிறாள். செக்கில் கட்டைவிரல் ஹேண்டில்பாரைச் சுற்றிப் பிடிக்கும்போதெல்லாம் இரண்டு எலும்புத் துண்டுகள் ஒன்றையொன்று உரசின. உரலில் விழுந்தபோது காமாயிக்குக் கண் இருட்டியது. பல்கடியில் அவள் தன் பெயரையே மறந்தாள்.

ஐந்தாவதில் ஒன்று புரிந்தது. கட்டைவிரல் பிடி விட்டுக்கொண்டிருந்தது. வலி இல்லாதவளுக்குக் கை ஏன் வழுக்குகிறது என்று தெரியாது. கையுறை ஈரமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். இன்னும் ஐந்து இறக்கம் போனால் எலும்பு மட்டும் போகாது. ஏதோ ஒரு வளைவில் கை முழுசாகக் கழன்றுகொள்ளும். அப்போதும் அவளுக்கு வலிக்காது.

தவமணிக்குப் பாதை தெரியாமல் போயிற்று. எனக்குத் தெரியும், என்று காமாயி நினைத்தாள். தெரிந்துகொண்டும் உட்கார்ந்திருந்தால் நான் யார்?

ஆறாவது கிள்ளு வந்தது. காமாயி துண்டை வாயில் வைக்கவில்லை. கண்ணை மூடவில்லை. செக்கை எண்ணினாள், ஏழு சுற்று. உரல். பல்கடி. வலது கையைத் தலையணையிலிருந்து எடுத்துப் பிடியின் மேல் வைத்துக்கொண்டாள். வழுக்கு, ஒரு நீண்ட எரிச்சல், இரண்டு பக்கமும் விரல்கள் முழுசாக இறுகின. இன்னும் இல்லை. இன்னும் இல்லை. பிறகு எரிச்சல் இளகியது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரேக்கை விட்டன. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, சைக்கிளின் வேகம் குறையட்டும் என்று காத்தாள்.

இழுத்தாள்.

கைகள் காலியாகிவிட்டன. அதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொட்டகைக்கு வெளியே, ஓடைப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. ஆனால் அந்த அலறல் அவளுடையதுதான். மூன்றாவது இறக்கத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது, இப்போது சரியான வாயிலிருந்து வந்தது.

பட்டையைக் கழற்றிக்கொண்டே காமாயி ஓடினாள். புல்லில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடது மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். காமாயி நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். அவள் பெயர் நிறைமதி என்று ஹெல்மெட்டில் எழுதியிருந்தது.

ஹரிபிரசாத் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அடிபட்டவளைப் பார்க்காமல் காமாயியிடம்தான் வந்தார். "யார் உங்களை இழுக்கச் சொன்னது? கையெழுத்துப் போட்டிருக்கீங்க, தெரியுமில்ல? அந்த வலி டீமோட பொறுப்பு. அதை இஷ்டத்துக்குத் திருப்பி விட உங்களுக்கு உரிமையே கிடையாது."

காமாயி கையிலிருந்த பட்டையை நீட்டினாள். "டீமோடதா? அப்ப நீங்க கட்டிக்கங்க சார். இன்னும் சூடாத்தான் இருக்கு."

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். அந்த ஒரு அடியை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"யாருங்க இவங்க?" என்றாள் நிறைமதி, பல்லைக் கடித்தபடி.

"பட்டையோட இந்தப் பக்கம்," என்றாள் காமாயி.

"இந்தப் பக்கம் ஜாடிதானுங்களே? லேப்ல வளர்த்த நரம்புன்னு சொன்னாங்க."

"வளத்ததுதான். எங்கம்மா வளத்தா."

நிறைமதி அவளையே பார்த்தாள். வலியில் சுருங்கியிருந்த முகத்தில் மெதுவாக வேறொன்று பரவியது. ஹரிபிரசாத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாதீங்க சார்," என்றாள் அவள், தாழ்ந்த குரலில். பிறகு நல்ல கையால் காமாயியின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. அதனால்தான் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஜீப்பில் காமாயியும் ஏற வேண்டியதாயிற்று.

மலைப்பாதையின் வளைவுகளில் ஜீப் குலுங்கிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நிறைமதி முனகினாள். காமாயியின் இடது கை தன்னையறியாமல் ஒவ்வொரு முறையும் இறுகியது. எதுவும் வரவில்லை.

"அக்கா, எத்தனை இறக்கமா இது இப்படி இருந்துச்சு?"

"மூணாவதுலேர்ந்து."

"அதுலேர்ந்து இது வரைக்கும் நீங்க..."

காமாயி வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். "எங்கிட்ட சொல்லிட்டுத்தான கெளம்புன ஒவ்வொரு தடவையும்? அப்புறம் ஜாடிங்கற?"

"சொல்லிட்டா? என்னங்க்கா சொன்னேன்?"

"கிள்ளுனியே. மணிக்கட்டுல. கெளம்பறதுக்கு மொத."

நிறைமதிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "அது... பட்டை வேலை செய்யுதான்னு பாக்கறதுக்குங்க. கிள்ளுனா வலிக்கலைன்னா சரியா ஓடுதுன்னு அர்த்தம்."

ஒரு வாரப் பயிற்சி, ஆறு இறக்கம். ஒவ்வொரு கிள்ளுக்கும் காமாயி மனதுக்குள் 'போய்ட்டு வா தாயி' என்று சொல்லியிருந்தாள். அந்த இருட்டுக் கொட்டகையில் அவளை ஒரு மனுஷி என்று நினைத்துச் செய்யப்பட்ட ஒரே காரியம் அது என்று நம்பியிருந்தாள். அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் யார் மேல் என்று பிரித்தெடுக்க முடியாத கோபம். இந்தச் சின்னப் பெண் மேல் கொஞ்சம், ஜாடி என்று சொல்லிக் கொடுத்தவர்கள் மேல் நிறைய, 'போய்ட்டு வா தாயி' என்று சொன்ன தன் மேலேயும்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இளம் டாக்டர், அந்த அம்மாளுக்கு நிறைமதியைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கும், படத்தை விளக்குப் பெட்டியில் செருகிப் பேனாவால் காட்டினார். கட்டைவிரலடியில் முந்திரிப்பருப்பு போன்ற எலும்பு, குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு.

"எப்ப ஆச்சு இது?"

நிறைமதி தலையை ஆட்டினாள். "தெரியலைங்க."

"தெரியலையா? இது ஒடிஞ்சா ஊரைக் கூட்டியிருப்பீங்களே."

"மூணாவது எறக்கத்துல," என்றாள் காமாயி. "மணி ஒம்பதரை இருக்கும். பல்கடியில, பாதி தாண்டி."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நிறைமதி பட்டையைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்றும் சொன்னாள். டாக்டர் காமாயியின் பெயரைக் கேட்டு, 'காயம் ஏற்பட்ட நேரத்தை உணர்ந்து கூறியவர்' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்.

"என்ன கொடுமைங்க இது," என்று சொல்லிவிட்டு, நிறைமதியின் வலது முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே இரண்டு அங்குலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. "இது?"

"போன வருஷம் இதே பந்தயம்ங்க. முழங்கை எலும்பு விரிசல். பட்டை கழட்டின அப்புறம் லேசாத்தான் வலிச்சுது, விட்டுட்டேன். மூணு வாரம் கழிச்சு வீங்கித்தான் பாத்தோம். திருகாணி வச்சிருக்காங்க."

வலது முழங்கை. தவமணியின் கை தொங்கிப்போனதும் அங்கேதான்.

"ஏம்மா," என்றாள் மெதுவாக. "இந்தக் கிள்ளுறது. எல்லாப் புள்ளைகளும் கிள்ளிட்டுத்தான கெளம்புவீங்க?"

"இல்லைங்க்கா. வேற யாரும் செய்ய மாட்டாங்க. கேலிகூடப் பண்ணுவாங்க. போன வருஷத்திலேர்ந்து நான் மட்டுந்தான்."

போன வருடம் தவமணிக்கும் முதலில் வந்தது ஒரு கிள்ளுதான்.

பதினொரு நாள் கழித்து, ஒரு காலைப்பொழுதில், இடது கையில் மாவுக்கட்டோடு நிறைமதி, தவமணி குடியிருந்த எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்தாள். கக்கத்தில் ஒரு பெரிய பழுப்பு உறை. காமாயிதான் கூட்டி வந்தாள். ஆனால் வழியில் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசவில்லை. "போயி என்ன சொல்லுவ?" என்று மட்டும் கேட்டாள். "சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க்கா. இதைக் குடுக்கணும்," என்றாள் நிறைமதி. அதற்குக் காமாயி, "குடுத்துட்டு நீ போயிருவ," என்றாள். நிறைமதி உறையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டாள்.

வாசலில் தவமணி இடது கையால் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். காயைக் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடுக்கி, ஒரே கையால் நார் கிழித்தாள். வலது கை மடியில் கிடந்தது. நிமிர்ந்து, வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவதானா?"

"இவதான்," என்றாள் காமாயி. அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. பதினொரு நாளாக அதைத்தான் வாய்க்குள் வைத்திருந்தாள். "தவமணி, ஒரு தடவ நான் ஒன்னய..."

"தெரியும்," என்றாள் தவமணி. "மொகத்துல தெரிஞ்சுது. அத விடு, மொதல்ல அவள உக்காரச் சொல்லு. கையில கட்டோட நிக்கிறா."

நிறைமதி உட்காரவில்லை. உறையிலிருந்து படத்தை உருவினாள். போன வருடத்துப் படம், ஓரத்தில் தேதி, அவளுடைய பெயர். ஒரு கையால் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கத் தெரியாமல் தடுமாறினாள். காமாயி மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே ஏறியிருந்த வெயில் படத்துக்குள் புகுந்து, கறுப்புக்கு நடுவே ஒரு முழங்கை வெள்ளையாக எழுந்தது.

"இதுல எங்கன்னா..." என்று நிறைமதி ஆரம்பித்தாள்.

தவமணி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எக்ஸ்ரே படத்தை அவள் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. போன வருடம் கம்பெனி டாக்டர் அவளுடைய படத்தை மேஜையிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் நிறைமதியின் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தின் ஓரத்திலிருந்த பெயரையும் பார்க்கவில்லை. இடது கையின் ஆள்காட்டி விரலை நீட்டி, எலும்புகளின் மேல் ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தி, பிறகு ஒரே ஒரு இடத்தில் வைத்தாள். விரலை எடுத்தபோது அங்கே, தலைமுடி கனத்துக்கு, அந்த விரிசல் இருந்தது.

"இந்தா இருக்கு," என்றாள் தவமணி. "எங்கையிதான்."